பச்சை மைக்கு அலைந்த கதை

காசுக்கு ஜாப் டைப்பிங் அடித்துக் கொடுக்கிறவளுக்கு ஊரில் யார் பாஸ், யார் ஃபெயில் என்பது பெற்ற அப்பாவுக்கு முன்பே தெரிந்துவிடும். எண்பதுகளில் ஸ்காலர்ஷிப்புக்கு அலைந்தவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஜெராக்ஸ் எங்கள் பக்கம் வராத காலம். மார்க் லிஸ்ட்டை எழுத்துக்கு எழுத்து டைப் அடித்து, அசலும் இதுவும் ஒன்றுதான் என்று ஒரு கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டால்தான் அதற்கு மதிப்பு.

எனக்கு ஊர் நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து. அப்பா நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. காலையில் கல்லூரி, மாலையில் டவுன்ஷிப்பில் காதர் பாய் கடையில் டைப்பிஸ்ட். தமிழ், இங்கிலீஷ் இரண்டும் அடிப்பேன். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் மேலே படிப்பு. இல்லையென்றால் முழுநேர டைப்பிஸ்ட்.

முப்பத்தைந்து

மைன்ஸில் மிஷின் ஓட்டும் ஒருவர், ஷிப்ட் முடிந்த கையோடு, மகனின் மார்க் லிஸ்ட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். எல்லாப் பாடத்திலும் முப்பத்தைந்து, முப்பத்தாறு. அவர்கள் வீட்டில் முதல் பாஸ் அதுதானாம். நான் முடிக்கும் வரை உட்காரவே இல்லை. கணக்கு வரிக்கு வந்ததும் கிட்டே வந்து ரகசியமாகச் சொன்னார்: "அந்தக் கணக்கு மார்க்கை மட்டும் கொஞ்சம் அழுத்தி அடிச்சுடும்மா, பளிச்சுனு தெரியணும்ல."

பெரிய கையெழுத்து

என் மார்க் லிஸ்ட் காப்பிகளில், கடைக்கு வரும் ஒரு பெரிய இன்ஜினியர் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அவர் வந்தால் மிஷினே நிமிர்ந்து நிற்கும் என்பார் அப்பா. அவற்றை வைத்து அனுப்பிய ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் அப்படியே கல்லூரி ஆபீசுக்குத் திரும்பி வந்தது. கடைசித் தேதியோ மறுநாள்.

கெஜட்டட் என்றால் சர்க்கார் உத்தியோகம். டவுன்ஷிப்பில் இன்ஜினியர், டாக்டர், ஹெட்மாஸ்டர் எல்லாருமே மைன்ஸ் கம்பெனி ஆட்கள். அத்தனை பேருக்கு டைப் அடித்த எனக்கு இது தோன்றவே இல்லை. கல்லூரி கிளார்க் அந்த முத்திரையை மரியாதையாகத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவரு சொன்னா ஊருக்கே கரண்ட் நின்னுடும்மா. ஆனா இந்தக் காகிதம் நகராது."

காத்திருந்த இடம்

காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு சர்க்கார் மாட்டு டாக்டர் இருக்கிறார், அவர் கெஜட்டட் என்று சொல்லி, நான் புதிதாக மூன்று காப்பி அடித்ததும், காதர் பாய்தான் அன்றே பஸ் ஏற்றிவிட்டார். போய்ப் பார்த்தால், டாக்டரின் வலது கை தோள்வரை ஒரு பசுவுக்குள் இருந்தது. உள்ளே கன்று குறுக்கே கிடந்தது. மாட்டுக்காரம்மா கொம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் காகிதங்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்; அந்த நேரத்தில் கேட்க வெட்கமாக இருந்தது.

அவர் கண்ணை மூடி, விரல்களாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தைப் பார்க்காமல் டைப் அடிக்கிற எனக்கு அது புரிந்தது. ஆனால் நான் தொட்டதெல்லாம் இரும்பு. முதலில் இரண்டு குளம்பு, பிறகு மூக்கு, பிறகு மொத்தமாக வழுக்கி விழுந்தது கன்று. அசைவில்லை. வைக்கோலால் அதன் விலாவைத் தேய்த்தார், தேய்த்தார். தும்மியது.

அப்புறம்தான் என்னைக் கவனித்தார். தோள்வரை சோப்புப் போட்டுக் கழுவி, பச்சைப் பேனாவைத் திறந்து, என் மார்க்குகளை வாய்விட்டுப் படித்து மூன்று காப்பிகளையும் அசலோடு ஒப்பிட்டார். ஒரு எண்ணைக்கூடத் தாண்டவில்லை. இப்போதுதான் ஓர் உயிரை மீட்டெடுத்த கை, முதல் காப்பியில் கையெழுத்துப் போடத் தொடங்கியது. வெளியே கன்று தடுமாறி எழுந்தது. மாட்டுக்காரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "கன்னுக்குட்டி நின்னுக்கினிச்சு சார். இந்தப் பொண்ணையும் நிக்க வெச்சு அனுப்புங்க."

மூலையில் ஒரு பொட்டு

மறுநாள் கிளார்க் காப்பிகளை மூக்கருகே கொண்டுபோனார். பச்சைக் கையெழுத்துக்குக் கீழே, மூலையில், ஒரு பொட்டு சாணி. முகர்ந்து பார்த்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தினார்: "மை பச்சை, சீல் சரி. சாணியைப் பத்தி ரூல்ஸ்ல ஒண்ணும் இல்ல. போய் கிளாஸ்ல உக்காரும்மா."

ஸ்காலர்ஷிப்பும் வந்து, பட்டமும் வாங்கி, எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு நெய்வேலிக்கே திரும்பிவிட்ட இந்த வயதில், அவரவர் காப்பிக்கு அவரவரே கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். எனக்கென்னவோ பக்கத்தில் ஒரு மாடாவது நின்றால்தான் நம்பிக்கை வருகிறது.