சவூதி அடுப்பும் இரண்டு குழாய் இரத்தமும்

மச்சான் அந்த அடுப்பை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு, நான் வேலைசெய்த ஆஸ்பத்திரி ஆய்வுகூட வாசலில் நின்றார். சவூதியிலிருந்து அவர் கொண்டுவந்த மைக்ரோவேவ் அடுப்பு. எண்பதுகளின் நடுவில் சாய்ந்தமருதில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான். உள்ளே வார்டில், தலைப்பிள்ளையைப் பெற்ற அவர் மனைவி, என் மூத்த சகோதரி ராத்தா, இரத்தம் போய் வெளிறிக் கிடந்தாள். இரத்தம் ஏற்ற மச்சான் ஒப்பமிட வேண்டும். அவர் இடவில்லை.

காரணம் அவருக்குத் தெளிவாக இருந்தது. எங்கள் பகுதியில் பிள்ளை பெற்றவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள். குடிப்பதும் குளிப்பதும் சுடுநீர்தான். "பிரிட்ஜில இரிந்த ரத்தத்த அப்படியே ஏத்தினா ஜன்னி வந்திரும் புள்ள. ஒரு நிமிசம் இதுக்குள்ள வெச்சுத் தா" என்றார். டொக்டர் மறுத்ததை அவர் பொருட்படுத்தவே இல்லை.

இரத்தப் பொருத்தம் பார்த்து முடிய இன்னும் சற்று நேரம் இருந்தது. நான் எதையும் மனத்துக்குள் எண்ணிட்டுச் செய்கிறவள். ஒன்று, மச்சானின் கையிலிருந்து கொஞ்சம் இரத்தம். இரண்டு, உறையாதிருக்க மருந்திட்ட இரு குழாய்களில் அதைப் பிரித்தல். மூன்று, ஒன்றை மட்டும் அடுப்பில் சில விநாடி வைத்தல். மச்சான் அதைத் தொட்டுப் பார்த்து, "பாத்தியா, வெதுவெதுப்புத்தானே" என்றார்.

இரண்டையும் இயந்திரத்தில் சுழற்றி எடுத்தேன். சூடாக்காததில் செங்குருதிக் கலங்கள் அடியில் இறங்கி, மேலே வெளிர் மஞ்சள் நீர் தெளிந்திருந்தது. மற்றதில் தெளிவே இல்லை, மேல்வரை சிவப்பு. அந்தச் சூடு எல்லா இடத்திலும் ஒரேயளவாய் ஏறுவதில்லை, கைக்கு இதமாக இருக்கும்போதே உள்ளே கலங்கள் உடைந்துவிடுகின்றன, உடைந்ததை ஏற்றினால் சிறுநீரகம் தாங்காது என்று சொன்னேன். மச்சான் சிவந்த குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ட ரத்தமா?"

"ஓம் மச்சான்."

"இதையா அவவுக்கு ஏத்தச் சொன்னன்?"

பேனாவைக் கேட்டு வாங்கி ஒப்பமிட்டார்.

குளிர் பற்றிய பயம் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. பை வெறுமையாகும்வரை கட்டிலின் கால்மாட்டில் நின்று, ராத்தாவின் பாதங்களை உள்ளங்கைகளால் தேய்த்துக்கொண்டே இருந்தார். வார்டுத் தாதி மிஸ்ஸி இரண்டு முறை வெளியே போகச் சொல்லியும் அசையவில்லை.

ராத்தாவுக்கு அன்றைய நாளில் பெரும்பகுதி நினைவில்லை. அந்த இரத்தம் ஏறும்போது குளிர்ந்ததா என்று அண்மையில் கேட்டேன்.

"குளிரா? உன்ட மச்சான் தேச்ச தேய்ப்புல என்ட உள்ளங்கால் ரெண்டு நாளா எரிஞ்சிச்சி" என்றாள்.