பாஷாவும் ஸ்பிரிங்வெளிப் பார்வதியும்

வரலாற்று டியூஷன் நடத்திப் பிழைப்பதைப் போல வில்லங்கமான தொழில் வேறில்லை. செத்துப்போன ராஜாக்களுக்காக உயிரோடு இருப்பவர்களிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். அனுபவப்பட்ட சக வாத்தியார்களே, உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபதுகளில் இலங்கையின் பதுளை டவுனில் ஒரு துணிக்கடை மாடியில், பல்கலைக்கழகம் போக ஏ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குத் துருக்கிப் பேரரசு நடத்தப்போய் நான் வாங்கிய பேச்சுகள் இவை.

பெரிய துரை, சின்ன துரை

சுல்தான் மாகாணங்களுக்கு அனுப்பிய ஆளுநர்களின் பட்டங்கள் பிள்ளைகள் மண்டையில் ஏறவே இல்லை. பாஷா பெரியவரா, பே பெரியவரா என்று கேட்டால் முகட்டைப் பார்ப்பார்கள். தொண்டைத்தண்ணி வற்றக் கத்துவேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து சனிக்கிழமை பஸ்ஸில் வரும் பார்வதிக்கு மட்டும் சட்டென்று பிடிபட்டது. பாஷா தோட்டத்து மேனேஜரான பெரிய துரை, பே அவருக்குக் கீழே சின்ன துரை என்று அவள் சொன்ன பிறகு வகுப்பில் ஒருவனும் தப்பாகச் சொல்லவில்லை.

பார்வதிக்கு இருபது வயது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் யாரும் ஏ.எல். எழுதியதில்லை, எழுதியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆனால் தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்பும் அரசாங்க ஒப்பந்தப்படி அவள் அப்பா இந்தியா போக எழுதிக்கொடுத்திருந்தார். பரீட்சைக்கு முன் கப்பலேறச் சொல்லி உத்தரவு வந்தால் எல்லாம் போச்சு. அந்தப் பயத்தோடுதான் படித்தாள். எந்த இனத்தான் வந்தாலும் பாஷாவென்றுதான் கூப்பிடுவார்களா என்று ஒருவன் கேட்டபோது அவளே பதில் சொன்னாள்: "எங்க தோட்டத்துல வெள்ளைக்காரத் துரை போயி சிங்களத் துரை வந்தாச்சு. நாங்க இன்னும் துரைன்னுதானே கூப்பிடுறோம்?"

முதலாளியின் கோபம்

துணிக்கடை காசிம் முதலாளி எந்நேரமும் சிவப்புத் துருக்கித் தொப்பியோடு இருப்பவர். துருக்கிப் பாடம் என்றதும் மாடியேறி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆளுநர்கள் எல்லாரும் துருக்கி முஸ்லிம்கள் என்பது அவர் எண்ணம். நானோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், எகிப்துப் பாஷா அல்பேனியாக்காரர், பாக்தாத்தை ஆண்ட சிலர் ஜோர்ஜியாவில் கிறிஸ்தவ வீட்டில் பிறந்து மதம் மாறியவர்கள், லெபனானில் கிறிஸ்தவருக்கே பாஷா பட்டம் கொடுத்தார்கள் என்று அடுக்கினேன். மனுஷன் முகம் தொங்கிப்போய் இறங்கினார். கீழேயிருந்து வரும் பிளேன்டீ அன்றோடு நின்றது. மாடியைக் காலிபண்ணச் சொல்வாரோ என்று வேறு இடம் விசாரிக்கத் தொடங்கினேன்.

அடுத்த வாரம் பிளேன்டீயைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். "யோசிச்சுப் பாத்தேன் டீச்சர். எங்கட வாப்பா காயல்பட்டணத்துல இருந்து வந்தவர், நான் பதுளையில பொறந்தவன். தொப்பி மட்டும்தானே துருக்கி."

போயிட்டு வாறேன்

உத்தரவு வந்தேவிட்டது, பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால். பயணத்தைத் தள்ளிப்போட அவள் அப்பா ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை, ஒன்றும் நடக்கவில்லை.

பார்வதி சொல்லிக்கொள்ள வந்தாள். இரவல் வாங்கிய புத்தகத்தை மேசையில் வைத்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை. அங்கே போயும் படிக்கலாம் என்று ஏதோ உளறினேன். கேட்டுக்கொண்டு நின்றவள், வாசல் வரை போய்த் திரும்பினாள். "அல்பேனியாவுல இருந்து வந்த பாஷாவோட வம்சம் எகிப்துலயே இருந்து ஆண்டுச்சுன்னீங்க. பாட்டன் காலத்துல வந்த எங்கள மட்டும் ஏன் டீச்சர் திருப்பி அனுப்புறாங்க?"

அதற்குப் பிறகும் பல வருஷம் பாஷாக்களை நடத்தினேன். அந்தக் கேள்வியை மட்டும் எந்தப் பரீட்சையிலும் கேட்காததால் என் மாணவர்களும் தப்பித்தார்கள், நானும் தப்பித்தேன்.