வயலின் போட்ட ஆடு

நான் படிப்பது விஷுவல் கம்யூனிகேஷன். அருப்புக்கோட்டையில் ஒரு ஜூஸ் கடைக்கு விளம்பரம் எடுத்தபோது, மாதுளம்பழம் உரிப்பதற்குக்கூடச் சோக வயலின் போட்டவள். அத்தை நீட்டிய போனிலும் அதே வயலின் ஓட, சிரித்துத் தொலைத்துவிட்டேன். அத்தைக்கு முகம் சுருங்கிப்போனது.

வீடியோவில் ஆடுகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. ஒரு ஆண் குரல் அழுதது: நம்ம நரிக்குடிப் பக்கந்தான், ஊசி போட்ட மறுநாளே அம்புட்டும் போச்சு, இதை அழிக்கிறதுக்குள்ள எல்லாருக்கும் அனுப்புங்க.

அத்தைக்கு ஆடுகள்தான் பிழைப்பு. போன மழைக்கு எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஆட்டுக்கொல்லி நோய் வந்து ஒரு கொட்டகையே காலியானதை நேரில் பார்த்தவள். மறுநாள் காலையில் எங்கள் ஊரில் அதற்குத்தான் தடுப்பூசி முகாம். தன் ஆடுகளை அவிழ்க்கவே போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

காலேஜில் படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். தேதி இல்லை, நரிக்குடிப் பக்கம் என்றால் எந்த ஊர் என்று இல்லை, பேசுகிறவன் முகம் இல்லை. யோசிக்க விடக்கூடாது என்றுதான் அவசரப்படுத்துகிறான் என்றேன். அத்தை அசையவில்லை.

"அந்த ஆளு நம்மூருப் பேச்சுல பேசுறாரா இல்லையா? அசலூருக்காரன் வாயில 'அவுக இவுக'ன்னு வருமா?"

அங்கேதான் விழுந்திருக்கிறாள். டிவிக்காரர்கள் பேசும் தமிழில் சொல்லியிருந்தால் போடா என்று தள்ளியிருப்பாள். எந்தப் படத்துக்கும் எந்தக் குரலையும் ஒட்டலாம் என்றேன். படித்த திமிர் என்றாள்.

சரி, பேசி ஆகாது என்று வேப்பமர நிழலுக்குப் போனேன். நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஆடு, அத்தையின் செல்லம், வயிறு முட்டக் கருவேலங்காய் தின்றுவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தது. முகத்தை மட்டும் நெருக்கி எடுத்தேன். வேகத்தைக் குறைத்து, நிறத்தை வெளுக்க வைத்து, என் வயலினைப் போட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நேத்துதான் ஊசி போட்டாக, இன்னைக்கு இப்படிக் கெடக்கு" என்று நானே பேசிச் சேர்த்தேன். இன்னொரு வீடியோ வந்திருக்கிறது என்று சொல்லி அத்தையிடம் கொடுத்தேன்.

பாதி பார்க்கும்போதே அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ பாவம், யாரு பெத்த புள்ள வளத்த ஆடோ" என்றாள்.

"அந்தச் சுட்டியப் பாருங்க அத்தே."

பார்த்தாள். போனைப் போட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடினாள். ஆட்டின் காதைத் தொட்டாள், வாயைப் பிளந்து பார்த்தாள். தூக்கம் கெட்ட கடுப்பில் அது அவள் முந்தானையைக் கவ்வி இழுத்தது. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கையால தீனி போட்ட ஆடு. எனக்கே அடையாளம் தெரியலையேடி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்த முதல் வீடியோவைச் சத்தமில்லாமல் போடச் சொன்னாள். குரலும் வயலினும் போனதும் படம் மட்டும் மிஞ்சியது. செம்மண். எங்கள் பக்கமோ கரிசல். ஆடுகளின் உடம்பெல்லாம் சேறு, பின்னால் முட்டளவு தண்ணீர். இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம்.

"இது வெள்ளத்துல போன ஆடுகதானடி?" என்றாள். ஆமாம் என்றேன். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, நான் எடுத்ததைத் தன் கண்ணெதிரே அழிக்கச் சொன்னாள். அழித்தேன்.

மறுநாள் முகாமில் அத்தைதான் முதல் ஆள். தயங்கி நின்றவர்களிடம், சத்தத்தை அமுக்கிட்டுப் பாருங்க என்று அதட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் உள்ளுக்குள் பயம் போகவில்லை. சாயங்காலம் முழுக்கக் கொட்டகையிலேயே சுற்றினாள்.

விடிந்ததும் அத்தை போட்ட கூச்சலில் பதறிப்போய் ஓடினேன். சுட்டி ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு, கொடியில் காய்ந்த அவளுடைய புதுச்சேலையில் பாதியைத் தின்று முடித்திருந்தது. அத்தை அதை வாய் ஓயாமல் வைதாள். வைதுகொண்டே கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இத எடுத்து எல்லாருக்கும் அனுப்புடி. வயலினப் போட்டேன்னா, கையை ஒடிச்சிருவேன்."