மூன்று தரம் அதே பாலம்

சித்திரை வருசப் பிறப்புக்குக் கிரானில் என் வீட்டில் மூன்று நாள் நின்றுவிட்டு, களுவாஞ்சிக்குடிக்கு, மனைவியின் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கலியாணம் முடிந்து ஐந்து கிழமைதான், ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. பேசிச் செய்த கலியாணம். எங்கள் பக்க வழக்கப்படி நான் அவள் வீட்டோடு போய்ச் சேர்ந்திருந்தேன். அந்த வீட்டில் எந்நேரமும் பத்துப் பேர் இருப்பார்கள். நாங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசியதே குறைவு. ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவது என்பதுகூட இன்னும் முடிவாகவில்லை.

மட்டக்களப்பில் பஸ் மாற இறங்கியபோது, கல்லடிக்கு அங்கால் ஆமிக்காரர் தேடுதல் நடத்துகிறார்கள், பின்னேரம் மூன்று மணிக்கு முன் தெற்கே களுவாஞ்சிக்குடிப் பக்கம் பஸ் இல்லை என்று கண்டக்டர் சொன்னார். அப்போது காலை எட்டரை மணி. யுத்த காலத்தில் இப்படி நடுவழியில் நிற்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

"டவுனைச் சுத்திப் பாப்பமா? எனக்கு இஞ்ச எல்லா இடமும் தெரியும்" என்றேன்.

உண்மையில் அடையாள அட்டைக்காகக் கச்சேரி அலுவலகத்துக்கு ஒரு தரமும், அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரமும் வந்திருக்கிறேன். என் டவுன் அறிவு அவ்வளவுதான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஓம், போவம்" என்றாள்.

வருசத்து விடுமுறை. கடைகள் பூட்டிக் கிடந்தன. தெருவில் சைக்கிள்கூடக் குறைவு. நான் முன்னே நடந்தேன். மணிக்கூட்டுக் கோபுரத்தைக் காட்டினேன். கோட்டை மதிலைக் காட்டி, அதைக் கட்டிய ஆட்களைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் போவதாக நினைத்து ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினேன். அது வாவிக்கரையில் போய் முடிந்தது. திரும்பி வந்து வேறு தெருவில் போனோம். அதற்கும் கடைசியில் தண்ணீர்தான். டவுன் இருக்கிற புளியந்தீவு பெயருக்கு ஏற்ற தீவு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு தரமும் சுற்றிச் சுற்றிப் பெரிய பாலத்தடிக்கே வந்து சேர்ந்தோம். அவள் ஒன்றும் கேட்காமல் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் தரம் பாலத்தடிக் காவலரணில் நின்ற சிப்பாய் கையைக் காட்டி எங்களை மறித்தான். என்னைவிட இளையவன். இருவருடைய அடையாள அட்டைகளையும் வாங்கி வைத்துக்கொண்டான்.

"நீ மூணு தரம் வந்தது. என்ன பாக்கிறது?" என்றான், அரைகுறைத் தமிழில்.

அந்த நாட்களில் அப்படி ஒரு கேள்விக்குப் பதில் வராமல் நின்றால் எங்கே கொண்டுபோவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இவர் எனக்கு டவுன் காட்டுறார், மாத்தயா. இவருக்கு வழி தெரியாது. ஆனாச் சொல்லமாட்டார்."

சொன்னதையே தெரிந்த சிங்களத்திலும் ஒரு தரம் சொன்னாள். சிப்பாய் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். உள்ளே இருந்தவனிடமும் சொல்ல, அவனும் தலையை நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தான். அட்டைகள் கைக்கு வந்தன.

பாலத்தில் பாதித் தூரம் நடந்தோம். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தான் இதே டவுனில் இரண்டு வருசம் பெரியம்மா வீட்டில் நின்று படித்தவள் என்று அப்போதுதான் சொன்னாள்.

"அப்ப ஏன் முதலே சொல்லல்ல?"

"நீங்க ஆசையாக் கூட்டிப் போனீங்க. எங்க போய் முடியும் எண்டு பாத்தன்."

அதன் பிறகு அவள் முன்னே நடந்தாள். ஒரு கதவுப் பலகை மட்டும் கழற்றித் திறந்திருந்த பேக்கரியில் பணிஸ் வாங்கினோம். படிக்கிற நாளில் தான் மழைக்கு ஒதுங்கிய மரம், கணக்குப் பாடத்துக்குப் பயந்து ஒளித்திருந்த கோயில் வீதி, நீந்தத் தெரியாமல் வாவிக்குள் விழுந்த படிக்கட்டு எல்லாவற்றையும் காட்டினாள். அவள் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலில் சுடுகிறது என்று சொல்லவும், என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். அது அவளுக்கு ஓடம் போல இருந்தது. தட்டித் தட்டி நடந்தாள். ஐந்து கிழமையில் பேசாததையெல்லாம் அன்று பேசினோம். நாலு மணிக்குத்தான் பஸ் எடுத்தார்கள். வெளிக்கிடப் பிந்தியதில் எனக்குக் கொஞ்சமும் கவலை இல்லை.

வீட்டில் மாமா, அவளுடைய அப்பா, வாசல் படலையடியில் நின்றார். பகல் முழுக்க றோட்டைப் பார்த்தபடி நின்றாராம். என்ன நடந்தது என்று பயத்தோடு கேட்டார். டவுன் பார்த்தோம் என்றாள் அவள்.

"இவ்வளவு நேரமா? அதில பாக்க அப்பிடி என்ன இரிக்கி?" என்றார் மாமா.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கினோம். மாமா ஒன்றும் விளங்காமல் என் வெறுங்கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.