‘தெரியாது’ என்னும் கட்டம்

பெரிய நிறுவனங்களில் தரவுகளையும் செயற்கை நுண்ணறிவையும் நிர்வகிப்போருள் சிறந்த தலைமைக்கு ஆண்டுதோறும் ஒரு விருது வழங்குகிறார்கள். அதன் தேர்வுக் குழுவில் இருக்கும்படி என்னை அழைத்தபோது தயங்கினேன். பணிக்காலம் முழுவதையும் புள்ளிவிவரத் துறையில் கழித்தவன் நான். இந்தப் புதிய நுண்ணறிவெல்லாம் நான் ஓய்வு பெற்ற பின் வளர்ந்தவை.

“புதுசு தெரிஞ்சவங்க குழுவுல நிறைய இருக்காங்க சார். பழைய கண்ணு ஒண்ணு வேணும்” என்றார் குழுத் தலைவி. வங்கியில் தணிக்கை அதிகாரியாக இருந்தவர் அவர்; சிரிப்பதைக்கூட ஒருமுறை சரிபார்த்த பின்னரே சிரிப்பார். மறுக்க வழியில்லை.

இவ்வாறுதான், பல மருத்துவமனைகளை நடத்தும் ஒரு நிறுவனத்தின் தரவுத் தலைவியைப் பற்றி அறிந்தேன். இங்கே எழுதுவன, நான் நேரில் கண்டவையும், பின்னர் அவரும் அவருடன் பணிபுரிவோரும் சொல்லக் கேட்டவையும்.

அலுவலகத்தில் அவருக்கு ‘முழுசு மேடம்’ என்று பெயர். எந்த அறிக்கையை நீட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “முழுசா இருக்கா?” என்பதுதான். அவர் பொறுப்பேற்ற காலத்தில் நோயாளிகளின் பதிவுகள் பூச்சி அரித்த துணிபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தனவாம். ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டு அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதபடி மென்பொருளை மாற்றச் செய்தார். ஓட்டைகள் மறைந்தன. நிறைவான அந்தத் தரவின்மேல் அவருடைய குழு ‘மருந்துக் காவல்’ என்றொரு செயலியைக் கட்டியது. மருத்துவர் ஒரு மருந்தை எழுதியவுடன் நோயாளியின் பழைய பதிவுகளை அது அலசும். ஆபத்தில்லை என்றால் திரையில் பச்சை விளக்கு காட்டும். ஒரு மருத்துவமனையில் வெள்ளோட்டம் நடந்தது. மற்றவற்றில் தொடங்க நாள் குறித்தார்கள். விருதுக்கும் விண்ணப்பம் அனுப்பினார்கள்.

விண்ணப்பம் போன சில நாட்களில், முழங்கால் அறுவைக்காக அவருடைய மாமியார் அதே மருத்துவமனையில் சேர்ந்தார். மருமகள் மாலையில் பார்க்கச் சென்றார். படுக்கையருகே திரையில் பச்சை விளக்கு.

“என்னம்மா, உன் கம்ப்யூட்டர் என்னைப் பத்தி என்ன சொல்லுது?” என்றார் மாமியார்.

“உங்களுக்கு எந்த மருந்தும் ஒத்துக்கும்னு சொல்லுது அத்தை.”

“கல்யாணமாகி வந்த நாள்லேருந்து உன் சமையலே எனக்கு ஒத்துக்கல. எந்த மருந்தும் ஒத்துக்குமாமா!”

மருமகள் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். முன்பொருமுறை காய்ச்சலுக்கு ஓர் ஊசி போட்டதில் அத்தைக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறியது. குடும்பத்தில் அனைவரும் அறிந்த செய்தி. பதிவிலோ, ‘மருந்து ஒவ்வாமை: இல்லை’ என்றிருந்தது. செவிலியர் வாய்வார்த்தையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டதால் அன்று தீங்கு எதுவும் நேரவில்லை.

மறுநாள் காலை அவர் தம் அறைக்குப் போகவில்லை. கீழ்த்தளத்தில் பதிவு மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். வரிசை கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. மேசையிலிருந்த பெண் பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார், முகவரியைக் கேட்டார். ஒவ்வாமைக் கட்டம் வந்ததும் எதையும் கேளாமல் ‘இல்லை’யைத் தட்டினார்.

“இதை ஏம்மா கேக்கலை?”

“கேட்டா பாதிப் பேரு ‘தெரியலையே’ங்கிறாங்க மேடம். இதுல ஆமா, இல்லைன்னு ரெண்டுதான் இருக்கு. ஒண்ணைத் தட்டலைன்னா அடுத்த பக்கம் திறக்காது. பின்னாடி நிக்கிறவங்க என்னைத் திட்டுவாங்க.” சற்றுக் குரலைத் தாழ்த்தி, “எந்தப் புண்ணியவான் இதைக் கட்டாயமாக்கினானோ!” என்றார்.

“புண்ணியவான் இல்லம்மா, புண்ணியவதி. நான்தான்.”

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டார். “நீ கடிச்சுக்காதே. கடிச்சுக்க வேண்டியது நான்” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

அன்றே மருந்துக் காவலை நிறுத்தினார். பிறகு ஓர் ஆணை பிறப்பித்தார்: நோயாளியைக் கேட்டு எழுதியதற்குச் சான்றில்லாத ஒவ்வொரு ‘இல்லை’யையும் எடுத்துவிட்டு, ‘தெரியாது’ என்று மாற்ற வேண்டும். தாம் பாடுபட்டு அடைத்த ஓட்டைகளைத் தம் கையாலேயே மீண்டும் திறந்தார்.

நிறுவன இயக்குநருக்கு வியர்த்துவிட்டது. “நல்ல காரியம்தாம்மா, யாரு இல்லைன்னா? ஆனா விருதுக் குழு அடுத்த வாரம் வருது. வாங்கிட்டு அப்புறம் மெதுவா மாத்தேன். இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே!”

“ஒண்ணும் ஆகலைங்கிறதும் நமக்குத் தெரியாது சார்.”

“விருது போனா நிர்வாகக் குழு உன்னைத்தான் கேக்கும். உன் பதவிக்கே வந்து நிக்கும்.”

“கேக்கட்டும் சார். பதில் இருக்கு.”

நாங்கள் சென்றபோது, தரவுத் தலைவி பழைய அறிக்கையைக் காட்டுவாரா, புதியதைக் காட்டுவாரா என்பது இயக்குநருக்கே உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. அவர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே அமர்ந்திருந்தார். சுவர்த் திரையில் முதலில் விண்ணப்பத்தில் இருந்த படம் வந்தது: தளம் தளமாக, முழுவதும் பச்சை. வயல்போல் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

“நாங்க உங்களுக்கு அனுப்பினது இது. இது தப்பு” என்றார் தரவுத் தலைவி. அடுத்த படத்தைப் போட்டார். பச்சையில் பெரும்பகுதி மஞ்சளாக மாறியிருந்தது. “இதுதான் நிஜம். மஞ்சளா இருக்கிற அத்தனை பேரைப் பத்தியும் எங்களுக்குத் தெரியாது.”

வாழ்நாளெல்லாம் நிரம்பிய கட்டங்களைப் பார்த்துப் பழகியவன் நான். நிரப்பியவர்களைப் பாராட்டியிருக்கிறேன், பாராட்டப்பட்டும் இருக்கிறேன். தமக்குப் புகழ் தேடித் தந்த பச்சையைத் தாமே மஞ்சளாக்கி, பரிசு தர வந்தவர்கள் முன் வைத்து, குரல் நடுங்காமல் நிற்கும் ஒருவரை அதற்கு முன் கண்டதில்லை. மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது பேச்சு அடங்கிப்போகுமே, அப்படி அடங்கிப் போனேன்.

குழுத் தலைவி மட்டும் விடவில்லை. “தப்புன்னு தெரிஞ்சதும் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாமே?”

“வாங்கியிருந்தா நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்க மேடம். இந்தக் கட்டாயக் கட்டம் எங்ககிட்ட மட்டுமா இருக்கும்? உங்க விழாவுக்கு எல்லா நிறுவனத்துத் தரவுத் தலைவர்களும் வருவாங்க. எனக்கு விருது வேண்டாம். அங்க பேச அஞ்சு நிமிஷம் கொடுங்க, போதும்.”

பின்னர் எங்களைப் பதிவு மேசைக்கு அழைத்துச் சென்றார். கட்டத்தில் இப்போது ‘தெரியாது’ என்பதும் இருந்தது. ஒரு முதியவர், “தெரியலையேம்மா” என்றார். மேசைப் பெண் அதையே தட்டினார். மறு கணம், திருத்திய மருந்துக் காவல் மேல்தள மருத்துவரின் திரையில் காட்டவிருக்கும் வாசகத்தை எங்களுக்குக் காட்டினார்கள்: ‘இவரைப் பற்றி எனக்குத் தெரியாது. உடன் வந்தவரைக் கேளுங்கள்.’ அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, முதியவரின் மனைவி பின்னாலிருந்து, “ஏங்க, அன்னைக்கு அந்த மாத்திரை போட்டு உடம்பெல்லாம் தடிச்சுதே, அதைச் சொல்லலையா?” என்றார்.

மேசைப் பெண் திரும்பித் தம் தலைவியைப் பார்த்தார்.

குழுக் கூட்டத்தில் மதிப்பெண் தாளில் ‘தரவின் நிறைவு’ என்றொரு வரிசை இருந்தது. அதில் அவருக்குக் குறைவாகத்தான் வந்தது. குழுத் தலைவி தாளைக் கவிழ்த்து வைத்தார். “இத்தனை வருஷம் தணிக்கை பண்ணியிருக்கேன். நான் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்துக் காட்டினவங்க இவங்க ஒருத்தர்தான். தலைமைக்குத்தானே விருது?” என்றார். எவரும் மறுக்கவில்லை.

விழாவில் நான் அவருடைய மாமியாருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தேன். முழங்கால் தேறி, ஊன்றுகோலுடன் வந்திருந்தார். மேடையில் மருமகள் விருதை மேசைமேல் வைத்துவிட்டு, பதிவு மேசையில் கண்டதை ஒளிக்காமல் சொன்னார். “உங்க அலுவலகத்துல எந்தக் கட்டத்தை நீங்க கட்டாயமாக்கி வச்சிருக்கீங்க? தெரியாதவங்க அதுல என்ன போடுறாங்க? போய்ப் பாருங்க” என்று முடித்தார்.

கைதட்டல் எழவில்லை. வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்தன. இருட்டிய அரங்கில் கைபேசிகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து, சிறிது நேரத்தில் அரங்கம் முழுவதும் ஒளிப்புள்ளிகளாயிற்று. முன் இருக்கைக்காரர் தம் அலுவலகத்துக்கு அவசரமாகத் தட்டியது என் கண்ணில் பட்டது: ‘நம்ம படிவத்துல தெரியாதுன்னு போட இடம் இருக்கா? உடனே பாருங்க.’

மாமியார் என் பக்கம் சாய்ந்தார். அவருக்கு ஆற்றாமை.

“என்னங்க இது, என் மருமக தொண்டை வத்தப் பேசியிருக்கா, ஒருத்தராவது கைதட்டுறாங்களா? எல்லாரும் போனையே நோண்டுறாங்களே!”

“அவங்க சொன்னதைக் கேட்டதாலதான்மா நோண்டுறாங்க” என்றேன்.