ராஜபாளையத்தில் அளந்த டிராக்டர் கான்சாபுரம் பாலத்தில் நின்றது

போன ஐப்பசியில் நான் போன பயணத்தில் அருவி கிடையாது, மலையேற்றம் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைக்கூட பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. என் தங்கை செல்விக்கு டிராக்டர் பார்க்கப் போனேன். நடுத்தர டிராக்டர் ஒன்று வாங்கலாம் என்ற யோசனையில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவும். அருவி தேடி வந்தவர்கள் பழைய பதிவுகளுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

செல்விக்கு வத்திராயிருப்பு பக்கம் கான்சாபுரத்தில் மூன்று ஏக்கர் நெல், கொஞ்சம் தென்னை. அவள் கணவர் தங்கராஜ் ராணுவத்தில் இருக்கிறார், இப்போது ராஜஸ்தானில். விவசாயம் முழுக்க இவள்தான் பார்க்கிறாள். தண்ணீர் வந்ததும் ஊரே ஒரே வாரத்தில் தொளி உழவுக்கு, அதாவது நடவுக்கு முன்னால் சேற்றில் உழும் உழவுக்கு, வாடகை டிராக்டரைத் தேடி அலையும். ஆம்பளை இல்லாத வீடு, வயலும் கடைசியில் கிடக்கிறது என்பதால் இவள் முறை எப்போதும் கடைசி. போன வருஷம் டிராக்டர் வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிவிட்டது. விளைச்சல் பாதிகூட இல்லை. பத்து நாள் வரப்பில் நின்றே கால் வீங்கிப்போனது என்று போனில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

இந்த வருஷம் நாற்றுப் பாவியாயிற்று, கடனுக்கும் வங்கியில் சம்மதம் வாங்கியாயிற்று. "அக்கா, நாத்து முத்துறதுக்குள்ள வண்டி வந்தாகணும். நீ வா" என்று கூப்பிட்டாள். எழும்பூரில் செங்கோட்டை ரயில் ஏறினேன்.

காலை ஆறு மணிக்கு முன்னே பின்னே ராஜபாளையத்தில் இறங்கலாம். செல்வி ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள், கையில் இருபதடி டேப். "இது எதுக்குட்டி?" என்றேன். வயலுக்குப் போகும் வழியில் வாய்க்கால் மேல் ஒரு பாலம், இருபுறமும் முழங்கால் உயரக் கட்டைச் சுவர், நடுவில் எட்டடி. அதைத் தாண்டாத வண்டி வேண்டாம் என்று அளந்துகொண்டு வந்திருக்கிறாள். என் தங்கையைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை மறுநாள் காலை வரை தாங்கியது.

ராஜபாளையம் ஷோரூமில் முதலில் பார்த்தது ஐம்பது குதிரைச் சக்தி வண்டி. இது தங்கராஜின் தேர்வு. அந்த ஊர்களில் டிராக்டர் வாங்கினால் டீக்கடையில் முதல் கேள்வி "எத்தனை எச்பி?" என்பதுதான். மாப்பிள்ளை பார்த்தால் சம்பளம் கேட்பது போல. வீடியோ காலில் வந்தவர் பானெட்டைக் காட்டச் சொல்லி ஒரு தடவை, டயரைக் காட்டச் சொல்லி ஒரு தடவை பார்த்துவிட்டு, "மதினி, இதான். நான் ரிட்டயர் ஆகி வந்தா ட்ரெய்லர் போட்டு லோடும் அடிக்கலாம்" என்றார்.

விற்பனையாளர் நல்ல மனிதர்தான். ஆனால் எல்லாவற்றையும் என்னைப் பார்த்தே சொன்னார், நடுநடுவே "சார் எப்ப மேடம் நேர்ல வருவாங்க?" என்று வேறு கேட்டார். மூன்றாவது தடவை செல்வி சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டுறது நாந்தான். லைசென்ஸ் எடுத்தாச்சு. எங்கிட்டச் சொல்லுங்க" என்றாள். கிளட்சை மிதிக்க அவள் சீட்டு நுனிக்கு வர வேண்டியிருந்தது. அதைக் கவனித்தேன், சொல்லவில்லை. டேப் போட்டோம். பின் டயர் ஓரத்துக்கு ஓரம் ஆறடி இரண்டு அங்குலம். பாலம் எட்டடி, தாராளம். மறுநாள் வயலிலேயே ஓட்டிப் பார்க்க வண்டி அனுப்பச் சம்மதித்தார்கள். டீசல் மட்டும் நம் செலவு.

அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உட்கார இடமும் இல்லை. அங்கே இன்னொரு ஷோரூமில் நாற்பத்திரண்டு குதிரைச் சக்தி வண்டி பார்த்தோம். கிளட்ச் காலுக்கு எட்டியது, பவர் ஸ்டீயரிங் இருந்தது, பின் அகலம் ஐந்தரை அடி. எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் மதியத்துக்கு அதையும் வரச் சொன்னோம். பார்க்க எனக்கு அது கொஞ்சம் பொடியாகத்தான் தெரிந்தது. பால்கோவா வாங்கிக்கொண்டு, கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து, வத்திராயிருப்பு போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

மறுநாள் காலை பெரிய வண்டி வந்தது. கூடவே ஒரு மினி லாரியில் இரண்டு கேஜ் வீல். தொளி உழவுக்கு ரப்பர் டயர் மட்டும் போதாது, சேற்றில் வழுக்கும். டயருக்கு வெளிப்பக்கம் இந்த இரும்புச் சக்கரத்தை மாட்டி முடுக்குவார்கள். தார் ரோட்டில் அதோடு ஓட்டக்கூடாது என்பதால் தனியாகக் கொண்டுவந்து, ரோடு முடியும் இடத்தில் புளியமரத்தடியில் மாட்டினார்கள். டிரைவர் அண்ணாச்சி கெத்தாகப் பாலம் வரை போனவர், பிரேக் போட்டார்.

"தங்கச்சி, எம்புட்டு அகலம் இந்தப் பாலம்?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் டேப்பைப் பார்த்தேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து அளந்தோம். கேஜ் வீலோடு எட்டடி நாலு அங்குலம்.

நாங்கள் ஷோரூமில் அளந்தது ரோட்டில் ஓடுகிற டிராக்டரை. சேற்றில் இறங்குகிற டிராக்டரை யாருமே அளக்கவில்லை. வாடகை வண்டிக்காரர்கள் பாலம் தாண்டி வயலோரத்தில்தான் எப்போதும் கேஜ் வீலை மாட்டுவார்கள், கூட இரண்டு தடியான ஆட்கள் வருவார்கள். அதனால் செல்விக்கு அது தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றாததற்குக் காரணமே வேண்டாம், நான் மயிலாப்பூரில் குடியிருக்கிறேன்.

"இதுக்குப் போய் யோசிக்கியே? செத்த நேரம்தான். கழட்டி அந்தப் பக்கம் போய் மாட்டிருவோம்" என்றார் அண்ணாச்சி. அவரும் லாரிக்காரரும் சேர்ந்து கழற்றிய சக்கரம் தரையில் கிடந்தது. செல்வி சேலையைச் செருகிக்கொண்டு அதைத் தூக்கப் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் எழும்பியது. நானும் கை கொடுத்தேன். எப்படியோ நிமிர்த்தி நிறுத்தினோம், ஆனால் நட்டுக்கு நேராகத் தூக்க முடியவில்லை.

தங்கராஜுக்கு வீடியோ கால் போட்டோம். "ஆள வச்சு மாட்டிக்கலாம்ல?" என்றார்.

செல்வி சத்தம் போடவில்லை. "ஆளு வர்ற வரைக்கும் நான் எங்க நிக்கணும்? அதே வரப்புலதான். வண்டி வாங்குறதே யாருக்காகவும் நிக்கக் கூடாதுன்னுதானே."

"நான் வந்துட்டா நானே மாட்டுவேன்லா..."

"நீங்க வாரப்ப வாங்க. நாத்து உங்களுக்காக நிக்காது."

போனில் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. அந்த ஐம்பது எச்பி, ஊர் திரும்பிய பிறகு அவர் வாழப்போகும் வாழ்க்கை. அதைத்தான் அவர் மணல்காட்டில் உட்கார்ந்து பானெட் பானெட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "மத்த வண்டி போகுமா?" என்று மட்டும் கேட்டார்.

மத்த வண்டி மதியம் வந்தது. கேஜ் வீலோடு ஏழரை அடி. ஒரு தடவை ஆள் வைத்து மாட்டிவிட்டால் உழவு முடியும் வரை பாலத்துக்காகக் கழற்ற வேண்டாம். அதை ஓட்டிவந்த அண்ணன் பாலத்து சிமெண்ட் பெயராமல் இருக்கத் தென்னமட்டைகளை விரித்துவிட்டு இறங்கிக்கொள்ள, செல்வியே ஏறினாள். இரண்டு பக்கமும் நாலு விரல் இடம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி அந்தப் பக்கம் இருந்தது.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியவை. எங்களைப் போலத் தண்ணீர் வந்த பிறகு ஓடாதீர்கள், ஆடியிலேயே பாருங்கள். வயலில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். உழவில் என்னென்ன மாட்டுவீர்களோ அத்தனையும் மாட்டி, வயலுக்குப் போகும் வழியில் இருப்பதிலேயே ஒடுக்கமான இடத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள். சின்ன வண்டி ஐந்தடி ரோட்டவேட்டரை, அதாவது பின்னால் மாட்டும் சுழல் கலப்பையைத்தான் இழுக்கும், அதனால் வயலில் சுற்று கூடும். மூன்று ஏக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே மாடல் வைத்திருப்பவர்கள் இரண்டு பேரிடம், பழுதானால் மெக்கானிக் அன்றைக்கே வருகிறாரா என்று விசாரியுங்கள். நம்பகமான வண்டி என்பதில் பாதி அதுதான். எல்லாவற்றுக்கும் முன்னால், தினமும் ஓட்டப்போகிறவர் யாரோ அவரைச் சீட்டில் உட்கார வையுங்கள்.

செல்வி அன்றைக்கே ஒரு வயலை முழுதாக உழுதுவிட்டாள். புடவை, முகம், தலை எல்லாம் சேறு. பொழுது சாய்ந்தது. "ஏட்டி, இறங்கு! அவிய ஸ்ரீவில்லிபுத்தூர் போகணும்லா" என்று கத்தினேன். "இன்னும் ஒரு சுத்து அக்கா" என்று திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டினாள். வண்டி கொண்டுவந்த அண்ணன் மணியைப் பார்த்தார், கால் மாற்றி நின்றார், கடைசியில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் அவள் பத்து நாள் நின்ற அதே வரப்பு.