மாமியார் போட்ட முடிச்சு

எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்; மெதுவாகத்தான் வரும். ஆனால் நெல் அவிப்பதில் எங்கள் தெருவில் எனக்கு ஈடு கிடையாது.

இன்று ஏப்ரன் என்கிறார்களே, அது எங்களுக்கும் இருந்தது. நான் கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்த ஐம்பதுகளில், கோணியைப் பிரித்து உள்ளே பழம்புடவை வைத்துத் தைத்தது. முன்கட்டு என்போம். நனைத்துக் கட்டினால் அனல் தாங்கும். அதாலேயே அண்டாவைப் பிடித்து இறக்கலாம். கீழே மடித்துப் பைபோலத் தைத்திருக்கும். சிந்திய நெல்லைப் பொறுக்கிப் போடலாம். தூறல் விழுந்தால் நுனியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்வேன்.

கட்டிக்கொள்வது மட்டும் என் கையில் இல்லை. காலையில் மாமியார் பின்னால் நின்று, கன்றுக்குட்டியைக் கட்டுவதுபோல இரண்டு முடிச்சாக இறுக்குவார். "அவுந்து அடுப்புல வுழுந்தா யாரு பதில் சொல்றது?" சாயங்காலம் அவரேதான் அவிழ்ப்பார். நடுவில் நான் கை வைத்தால் முடிச்சே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருநாள் தம்பி வந்தான். "யக்கா, அம்மாவுக்கு வயித்துல கட்டி. நாளைக்குக் காலைல நானும் நைனாவும் ரயில்ல மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறோம். அம்மா உன்னியே கேக்குது. டேசனுக்கு வந்து ஏறிக்கோ."

மாமியார் முந்திக்கொண்டார். "அண்டா நெல்லு ஊறிக்கினு கீது. இவ போனா நீ வந்து அவிக்கிறியா?"

மறுநாள் அவர் வாசலில் நெல்லைக் காயப்போட்டுக் கோழி விரட்டிக்கொண்டிருந்தார். நான் கொல்லை வேலியைத் தாண்டினேன். அம்மா முகத்தையாவது பார்த்துவிட வேண்டும். முன்கட்டோடு எந்த வீட்டு மருமகளும் தெருவில் இறங்கமாட்டாள். அதனாலேயே யாரும் என்னை நிறுத்திக் கேட்கவில்லை. எவளோ கூலிக்காரி என்று விட்டுவிட்டார்கள்.

ரயில் நின்றது. ஜன்னலில் அம்மா, பாதியாய் இளைத்திருந்தாள்.

"இன்னாடி இது, கோணியக் கட்டிக்கினு! கழட்டிப் போட்டுட்டு ஏறு. எங்கூட இருடி."

"அவுக்கக் கூடாதும்மா. தெரிஞ்சிடும்."

"திரும்பு."

கம்பிக்குள்ளிருந்து கை நீட்டி முடிச்சைப் பிடித்தாள். ஈரக்கயிறு, அவள் விரலில் பலமில்லை. ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். நைனா ரயில்பெட்டி வாசலில் நின்று, "ஏறும்மா, ஏறு" என்றார். இன்னொரு முடிச்சு இருக்கிறதே என்று நான் நின்றேன். கோணியோடேயே ஏறலாம் என்பது, ரயில் போன பிறகுதான் தோன்றியது.

சாயங்காலம் அவிழ்க்க வந்த மாமியாரின் கை நின்றது. "எவடி இதுல கைய வெச்சது?"

"எங்கம்மா" என்றேன்.

மிச்ச முடிச்சை அவிழ்த்துவிட்டு அவர் உள்ளே போனார். மறுநாள் காலையில் இன்னொரு முடிச்சு சேர்த்துப் போட்டார்.

அம்மா திரும்பவில்லை. தம்பி சேதி கொண்டுவந்தபோது நான் அண்டா முன்னால்தான் இருந்தேன். "போடி, போய்ப் பாருடி" என்று மாமியாரே ஓடிவந்து என் பின்னால் நின்றார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லை. அரிவாளைக் கொண்டுவந்து அறுத்தார்.